ரூம் ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி: ஊட்டி குளிர், கரண்ட் பில், ஒரு சி.ஏ. கணக்கு

மார்கழி வந்தாச்சு. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி மேல உறைபனி விழுந்து வெள்ளையா கிடக்கிற போட்டோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அதே வாரத்துல எனக்கு வேற மாதிரி மெசேஜ் வர ஆரம்பிக்கும். "எந்த ரூம் ஹீட்டர் வாங்கலாம்?", "ஆயில் ஹீட்டர்னா கரண்ட் கம்மியா ஆகுமாமே?", "மூணு கிலோவாட் சோலார் போட்டா 78,000 ரூபாய் மானியமாம், போட்டுடலாமா?" கேட்கிறவங்க ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில சொந்த வீடு இருக்கிறவங்க, இல்லன்னா அங்க வாடகைக்கு இருந்துக்கிட்டு லேப்டாப்ல வேலை பார்க்கிறவங்க. எல்லாரும் மாசச் சம்பளக்காரங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரூம் ஹீட்டர் கடைசி. சோலார் பேனல் உங்களில் பாதிப் பேருக்குத் தேவையே இல்லை. முதல் செலவு படுக்கைக்கு, ரெண்டாவது செலவு வெந்நீருக்கு. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம நாட்டுக் காலநிலைக் கொள்கை "சூடு" என்கிற செலவை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. அதனால மலையில இருக்கிற உங்களுக்கு எந்த மானியம் எதுக்குக் கிடைக்குதோ, அதுக்கும் உங்க உண்மையான தேவைக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கு. அதைப் புரிஞ்சுக்காம மானியத்துக்குப் பின்னாடி ஓடினா பணம் போயிடும்.

முதல்ல பில்லை எடுங்க

ஒரு சாதாரண நாலு பேர் குடும்பம். ஊட்டியில ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. ஃப்ரிட்ஜ், லைட், டிவி, மோட்டார், லேப்டாப் எல்லாம் சேர்ந்து ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்னு வெச்சுக்குவோம். தமிழ்நாட்டுல முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு ரெண்டே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. ஆக பில் சுமார் 235 ரூபாய். சென்னையில இருக்கிற உங்க ஃப்ரெண்ட் கேட்டா பொறாமைப்படுவார்.

இப்போ வெந்நீர். குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 லிட்டர், 40 டிகிரி சூட்டுல வேணும். ஊட்டியில தொட்டித் தண்ணி டிசம்பர்ல 14 டிகிரி இருக்கும்னு வெச்சா, 26 டிகிரி ஏத்தணும். அதுக்கு 3 யூனிட். கீசர் டேங்க்ல இருந்து வீணாகிற சூடு அரை யூனிட். நாளைக்கு மூணரை, ரெண்டு மாசத்துக்கு 210. சென்னையில தண்ணியே 28 டிகிரியில வரும், அங்க இதுல பாதி கூட ஆகாது.

இப்போ மொத்தம் 410 யூனிட். 200-லிருந்து 400 வரைக்கும் யூனிட் 4.70 ரூபாய் வாக்குல, 400-ஐத் தாண்டினா 6 ரூபாய்க்கு மேல. பில் சுமார் 1,240.

அப்புறம்தான் ஹீட்டர் வருது. 2,000 வாட் ஹீட்டர், சாயங்காலம் மூணு மணி நேரம். நாளைக்கு 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360. மொத்தம் 770. 500-க்கு மேல யூனிட் 8 ரூபாயைத் தாண்டும், 600-க்கு மேல 9 ரூபாயைத் தாண்டும். பில் சுமார் 4,500 ரூபாய்.

இங்கதான் நிறைய பேர் தப்பாக் கணக்குப் போடறாங்க. 4,500-ஐ 770-ஆல வகுத்து, "யூனிட் 6 ரூபாய்கூட வரலையே, பரவாயில்லை"ன்னு நினைக்கிறாங்க. இன்கம் டேக்ஸ் ஸ்லாப் மாதிரி யோசிங்க. 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்குப் புதுசா வர்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம்தான் வரி, சராசரி இல்லை. அதே மாதிரி ஹீட்டர் சேர்த்த 360 யூனிட்டுக்கு நீங்க கூடுதலா கட்டினது 3,250 ரூபாய். யூனிட் 9 ரூபாய். உங்க ஃப்ரிட்ஜ் ரெண்டு ரூபாய் கரண்ட்ல ஓடுது, ஹீட்டர் 9 ரூபாய் கரண்ட்ல ஓடுது.

இன்னொரு குறும்பும் இதுல இருக்கு. 500 யூனிட்டைத் தாண்டின உடனே கீழ இருக்கிற 101-200 ஸ்லாபோட சலுகை விலையும் போயிடும். 500-வது யூனிட்டுக்கும் 501-வது யூனிட்டுக்கும் நடுவுல பில் 240 ரூபாய் வாக்குல குதிக்கும். இன்கம் டேக்ஸ்ல 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினா மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு காப்பாத்தும். மின்வாரியத்துல அந்தக் கருணை கிடையாது.

"ஆயில் ஹீட்டர் சிக்கனம்" என்கிற கதைக்கும் ஒரு வரி: 2,000 வாட் எடுக்கிற எந்தக் காயில் ஹீட்டரும் 2,000 வாட் சூட்டைத்தான் தரும். ஃபேன் வெச்சது, ஆயில் ஊத்தினது, சிவப்பா எரியறது எல்லாம் ஒண்ணுதான். ஆயில் ஹீட்டர் அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் சூடா இருக்கும், காத்தை உலர்த்தற மாதிரி தோணாது. அவ்வளவுதான் வித்தியாசம். கீசர்ல இருக்கிற ஸ்டாரும் அப்படித்தான். டேங்க்ல சும்மா நிக்கிற தண்ணியில இருந்து எவ்வளவு சூடு கசியுதுங்கிறதுக்குத்தான் பெரும்பாலும் அந்த ஸ்டார். தண்ணியைச் சூடாக்கற அந்த 3 யூனிட், 5 ஸ்டார் வாங்கினாலும் 3 யூனிட்தான்.

அறையை விடுங்க, ஆளைச் சூடாக்குங்க

ஹீட்டர் வாங்கறவங்க உண்மையில வாங்கறது ராத்திரித் தூக்கத்தை. அதுக்கு 2,000 வாட் தேவையில்லை. எலெக்ட்ரிக் பிளாங்கெட், பெட் வார்மர்னு கிடைக்கிறது 100 வாட் வாக்குல எடுக்கும். ராத்திரிக்கு அரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட். ஹீட்டரோட 360-க்கு எதிரா 30. விலை ரெண்டாயிரம், மூவாயிரம். ஹீட்டருக்குப் பதிலா இதைப் போட்டா உங்க பில் 4,500-ல இருந்து சுமார் 1,430-க்கு வந்துடும். முதல் பில்லிலேயே போட்ட காசு வந்துடற "முதலீடு" எனக்குத் தெரிஞ்சு வேற எதுவும் இல்லை. (ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஆட்டோ கட்-ஆஃப் ரெண்டும் இருக்கணும். குழந்தைங்க, சூடு உணர முடியாத சர்க்கரை நோயாளிங்க, ரொம்ப வயசானவங்க படுக்கையில வேண்டாம். அவங்களுக்குப் படுக்கையை முன்னாடியே சூடாக்கிட்டு அணைச்சிடுங்க.)

பகல்ல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் இதே விதிதான். காலுக்குக் கீழ ஒரு சின்ன வார்மர், மடியில ஒரு கம்பளி.

அப்புறம் வீடு. மலையில இப்போ கட்டற வீடுகளைப் பார்த்தீங்கன்னா கோயம்புத்தூர்ல கட்டற அதே வீடுதான். கான்கிரீட் தளம், ஒத்தைச் செங்கல் சுவர் இல்ல ஹாலோ பிளாக், கதவுக்குக் கீழ அரை இஞ்ச் இடைவெளி, மேல திறந்த வென்டிலேட்டர். நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின பங்களாவுல தடிச் சுவர், மரத்தளம், வெயில் வாங்க ஒரு கண்ணாடி வராண்டா இருக்கும். அது ஆடம்பரத்துக்கு இல்லை. மலைக்குளிருக்கு ஏத்த மாதிரி யோசிச்சது. இப்போ தளத்துக்குக் கீழ ஒரு ஃபால்ஸ் சீலிங், கதவுக்குக் கீழ ரப்பர் பட்டி, தரையில ஒரு கார்ப்பெட், கனமான திரை. இதுல எதுக்கும் மானியம் கிடையாது, ஆனா எதுவும் பெரிய செலவும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள்ள கரியோ விறகோ எரிச்சுக்கிட்டு இடைவெளியை அடைக்காதீங்க. கும்முட்டியில கரி போட்டு, கதவைச் சாத்திட்டுத் தூங்கி, காலையில எழுந்திருக்காம போனவங்க செய்தி ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் அவ்வப்போது வருது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. டூர் வர்ற உங்க ஃப்ரெண்ட்ஸ் பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள்ள எடுத்துட்டு வந்தாங்கன்னா சண்டை போட்டாவது வெளிய வைங்க.

வெந்நீருக்கு எது?

இந்தக் கேள்வியிலதான் கார்பனும் காசும் நேருக்கு நேர் மோதிக்குது.

இந்திய மின்கட்டமைப்புல ஒரு யூனிட் கரண்டுக்குப் பின்னாடி சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு இருக்குன்னு மத்திய மின்சார ஆணையத்தோட கணக்கு. ஆக உங்க கீசரோட 210 யூனிட்டுக்கு 147 கிலோ. அதே வெந்நீரை கேஸ் கீசர்ல போட்டா சுமார் 18 கிலோ எல்.பி.ஜி. ஆகும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிஞ்சா 3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது 53 கிலோ வாக்குல. காசும் கிட்டத்தட்ட சமம்தான். ஒண்ணே கால் சிலிண்டர், 1,100 ரூபாய் சுமார்.

"கரண்ட்னா க்ளீன், கேஸ்னா அழுக்கு"ன்னு நினைச்சவங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்கும். காரணம் எளிது. அனல் மின் நிலையத்துல நிலக்கரியை எரிச்சு, அந்தச் சூட்டுல மூணுல ரெண்டு பங்கை வானத்துக்கு விட்டுட்டு, மிச்சத்தைக் கரண்டா மாத்தி, கம்பி வழியா மலைக்கு ஏத்தி, உங்க பாத்ரூம்ல மறுபடியும் சூடா மாத்தறோம். சூட்டுல இருந்து சூட்டுக்கு இவ்வளவு சுத்து.

"2025-லேயே நம்ம மின் உற்பத்தித் திறன்ல 50 சதவீதம் நிலக்கரி, கேஸ் இல்லாததுன்னு அரசு சொன்னதே"ன்னு கேட்பீங்க. உண்மைதான். 2030-க்குள்ள அடையறதா உலக நாடுகள்கிட்ட 2022-ல கொடுத்த வாக்கு, அஞ்சு வருஷம் முன்னாடியே நிறைவேறிடுச்சு. ஆனா அது திறன். உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சி.டி.சி. மாதிரி. கைக்கு வர்ற சம்பளம் வேற. சோலார் ராத்திரி ஓடாது, காத்தாலை மார்கழியில படுத்திடும். உண்மையில உற்பத்தியாகிற கரண்ட்ல இன்னும் பெரும்பங்கு நிலக்கரிதான். நீங்க ஹீட்டர் போடற ராத்திரி எட்டு மணிக்குக் கேட்கவே வேண்டாம். பைக்காராவுல 1932-லேயே நீர்மின் நிலையம் வந்துடுச்சு, குந்தாவும் இங்கதான் இருக்கு, அதனால ஊட்டி கரண்ட் பச்சைக் கரண்ட்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எல்லாம் ஒரே கட்டமைப்பு. நீங்க கூடுதலா இழுக்கற யூனிட்டுக்கு எங்கயோ ஒரு பாய்லர்தான் கூடுதலா எரியும்.

அதுக்காக நான் கேஸ் கீசரைச் சிபாரிசு பண்ணல. நம்ம எல்.பி.ஜி.யில பாதிக்கு மேல இறக்குமதி, விலை நம்ம கையில இல்லை. கேஸ் கீசரை ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள மாட்டினா, கும்முட்டி செய்யற அதே வேலையை அதுவும் செய்யும். ஏற்கெனவே வெச்சிருந்தா வெளிச் சுவர்ல மாட்டுங்க.

நான் சொல்றது மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர். பேனல் இல்லை, தண்ணி சூடாக்கற டியூப். "ஊட்டி மிஸ்ட்ல சோலாரா?"ன்னு சிரிக்காதீங்க. உறைபனி எப்போ விழுது? வானம் தெளிவா இருக்கிற ராத்திரியில. மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தா உறைபனியே விழாது. தெளிவான ராத்திரிக்கு அடுத்த பகல் பெரும்பாலும் நல்ல வெயில். ஆக, வருஷத்துலயே ரொம்பக் குளிரான டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சோலார் ஹீட்டர் நல்லா வேலை செய்யும். கைவிடறது ஜூன்-ஆகஸ்ட் தென்மேற்குப் பருவமழையிலயும், அக்டோபர்-நவம்பர் மழையிலயும். அப்போ உள்ளே இருக்கிற எலெக்ட்ரிக் பேக்கப் போட்டுக்கலாம்.

100 லிட்டர் டியூப் வகை 25,000 ரூபாய்க்குள்ள முடியும்னு வெச்சுக்கலாம். நம்ம கணக்குல ஒரு குளிர்கால பில்லுக்கு 800 ரூபாய் மிச்சம், மழைக்கால பில்லுக்கு அதுல பாதிகூட இல்லை. வருஷத்துக்கு 3,500 ரூபாய்னு எடுத்துக்கறேன். 15 வருஷம் உழைச்சா இது ஆண்டுக்கு 11 சதவீத ரிட்டர்ன். டியூப் உடையறது, கறை எடுக்கறதுன்னு வருஷம் 500 போனாலும் எட்டரை சதவீதம். இதுக்கு டேக்ஸ் கிடையாது, ஏன்னா செலவழிக்காத காசுக்கு வரி போட இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. எஃப்.டி.யில 7 சதவீதம் வாங்கி, அதுக்கு வரி கட்டறவர் யோசிச்சுப் பாருங்க. ஈக்விட்டி ஃபண்டை நிறுத்திட்டு இதைப் போடுங்கன்னு சொல்லல. எஃப்.டி.யில தூங்கற காசுக்கு இது நல்ல வேலை.

ஹீட் பம்ப் இருக்கே? வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுக்கிற மெஷின், ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு யூனிட் கரண்டுக்கு ரெண்டரை, மூணு யூனிட் சூடு கிடைக்கும். நாலு பேர் வீட்டுக்கு விலை இன்னும் கட்டுப்படியாகாது. ஆனா நீங்க ஹோம்ஸ்டே நடத்தறீங்க, பத்து ரூம் இருக்குன்னா கண்டிப்பா கொட்டேஷன் வாங்குங்க. வாங்கினா ராத்திரி ஓட்டாதீங்க. டைமர் போட்டு மத்தியானம் ஒரு மணிக்கு ஓட்டுங்க. ஊட்டியில ராத்திரிக்கும் மத்தியானத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். காத்து சூடா இருக்கும்போது இழுத்தா அதே கரண்டுக்கு அதிக சூடு.

அறைக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஏசியும் இதே தத்துவம்தான். நம்ம உதாரணத்துல ஹீட்டரோட 360 யூனிட் 120 ஆகும், பில் 4,500-ல இருந்து 2,300-க்கு வரும். ஒரு பில்லுக்கு 2,200 மிச்சம். ஆனா மெஷின் 50,000 ரூபாய். வருஷத்துல ரெண்டு பில்லுக்கு மட்டும் ஓட்டறவருக்கு 11 வருஷம் ஆகும், லாபமில்லை. ஜூலை, ஆகஸ்ட் ஈரக்குளிருக்கும் சேர்த்து நாலு பில்லுக்கு ஓட்டற வீட்டுக்கு, அதுவும் வயசான அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு, அஞ்சாறு வருஷத்துல சரியாகிடும்.

78,000 ரூபாய் மானியம்

இப்போ அந்தப் பெரிய கேள்வி. பி.எம். சூர்ய கர் திட்டம், 2024 பிப்ரவரியில வந்தது. 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடு இலக்கு. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000. அதிகபட்சம் 78,000. நல்ல திட்டம்தான். மதுரையில ரெண்டு ஏசி ஓட்டற வீட்டுக்கு நானே போடச் சொல்லுவேன்.

ஆனா ஊட்டியில 200 யூனிட் ஓட்டி 235 ரூபாய் பில் கட்டறவருக்கு? மானியம் போக ஒரு லட்சத்துக்கு மேல கையிலிருந்து போட்டு, ரெண்டு மாசத்துக்கு 235 ரூபாய் மிச்சம் பண்ணப் போறீங்களா? முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். இலவசமா கிடைக்கிறதை சோலார் இன்னும் இலவசமாக்க முடியாது. வெந்நீர் 410 யூனிட் வீட்டுக்கும் இது தேறாது. 770 யூனிட் வீட்டுக்கு மட்டும் தேறும், அதுவும் அந்த 770 வருஷத்துல மூணு, நாலு பில்லாவது இருந்தா. விக்க வர்றவங்க உங்க மார்கழி பில்லை மட்டும் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுவாங்க. நீங்க ஆறு பில்லையும் மேசையில வைங்க.

சோலார் பேனலுக்கு மானியம், வட்டி குறைந்த கடன் எல்லாம் இருக்கு. பல மடங்கு குறைந்த விலையில மலை வீட்டோட பெரிய செலவைத் தொடற சோலார் வாட்டர் ஹீட்டருக்கு? மத்திய அரசு கொடுத்துக்கிட்டிருந்த மானியம் 2014-லயே நின்னுடுச்சு. இத்தனைக்கும் தேசிய சூரிய சக்தித் திட்டத்துல 2022-க்குள்ள 2 கோடி சதுர மீட்டர் சோலார் வெந்நீர்த் தகடுன்னு ஒரு இலக்கே இருந்தது.

ஜிஎஸ்டியைப் பாருங்க, நம்ம தொழில் புத்தி. விறகுக்கு வரி இல்லை. வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு 2022 ஜூலையில 5-ல இருந்து 12 ஆக்கினாங்க, 2025 செப்டம்பர் 22-ல மறுபடியும் 5 ஆக்கினாங்க. இது நல்லது, பாராட்டறேன். எலெக்ட்ரிக் கீசருக்கு 18. மூணுல ஒரு பங்கு கரண்ட்ல அதே வேலையைச் செய்யற ஹீட் பம்புக்கும் 18. அரசோட வரி அட்டவணைக்குக் காயிலுக்கும் ஹீட் பம்புக்கும் வித்தியாசமே தெரியல.

ஏன் இப்படி? 2019-ல இந்தியா குளிரூட்டலுக்குன்னே தனியா ஒரு தேசிய செயல்திட்டம் போட்டுச்சு. உலகத்துல அப்படிப் போட்ட முதல் நாடுகள்ல ஒண்ணு, பெருமைதான். சூட்டுக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. டெல்லியில உட்கார்ந்திருக்கிற கொள்கைக்கு இந்தியா ஒரு வெயில் நாடு. வேடிக்கை என்னன்னா, அதே டெல்லியில ஒவ்வொரு குளிர்காலமும் காத்து மாசு கட்டுப்பாட்டு விதியில, ராத்திரி வாட்ச்மேன்கள் விறகு எரிக்காம இருக்க எலெக்ட்ரிக் ஹீட்டர் கொடுங்கன்னு குடியிருப்போர் சங்கங்களுக்கு உத்தரவு போடறாங்க. சூடு அங்க காலநிலை விஷயமா இல்லை, புகை விஷயமாத்தான் தெரியுது.

"நீலகிரியில ஏழரை லட்சம் பேர், இதுக்கெல்லாம் தேசியக் கொள்கையா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இமாச்சல், உத்தரகாண்ட், காஷ்மீர், லடாக், சிக்கிம், அருணாச்சல், டிசம்பர்ல நடுங்கற வட இந்தியச் சமவெளி எல்லாத்தையும் கூட்டுங்க. கீசர் எல்லா ஊர்லயும் இருக்கு. பிரிட்டன்ல ஹீட் பம்ப் வைக்க ஒரு வீட்டுக்கு 7,500 பவுண்டு மானியம் தர்றாங்க. நமக்கு அந்தப் பணமும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. அதைக் காப்பியடிக்க வேண்டாம்.

பக்கத்துலயே இருக்கு உதாரணம். பெங்களூருல வேலை பார்க்கறவங்க மொட்டை மாடியில ஏறிப் பாருங்க, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சோலார் வெந்நீர் டேங்க். கர்நாடகா புது வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கினாங்க, வெச்சவங்களுக்குக் கரண்ட் பில்லுல யூனிட்டுக்கு 50 பைசா தள்ளுபடி கொடுத்தாங்க. சட்டம் பாதி, சின்னத் தள்ளுபடி பாதி. தமிழ்நாடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் இதைச் செஞ்சா கஜானா ஒண்ணும் காலியாகாது. ஹீட் பம்புக்கு, 2015-ல எல்.இ.டி. பல்புக்கு உஜாலா திட்டத்துல செஞ்ச மாதிரி மொத்தக் கொள்முதல். 300 ரூபாய் பல்பை 40 ரூபாய்க்குக் கீழ இறக்கின அரசுக்கு இது தெரியாத வித்தை இல்லை.

விறகைப் பத்தி ஒரு வார்த்தை. எஸ்டேட் லைன் வீடுகள்லயும் ஊர்ப்பக்கமும் இன்னிக்கும் கற்பூர மரமும் சீகையும்தான் அடுப்பும் கணப்பும். ரெண்டுமே வெள்ளைக்காரர் கொண்டு வந்து நட்ட மரங்கள். தேயிலை ஃபேக்டரியில இலை காய வைக்கவும் இதுதான். "விறகு கார்பன் நியூட்ரல்"னு சிலர் சொல்லுவாங்க. சர்வதேசக் கணக்கு முறையில விறகு எரியறப்ப வர்ற கார்பன் டை ஆக்ஸைடை எரிசக்திக் கணக்குல காட்டாம, மரம் வெட்டின நிலத்தோட கணக்குல காட்டுவாங்க. லெட்ஜர் மாறுது, தொகை மறையல. திரும்ப மரம் வளர்ந்தாத்தான் அந்தக் கணக்கு நேராகும். அதுக்குள்ள புகை போறது அந்த வீட்டு அம்மாவோட நுரையீரலுக்கு. வீட்டுப் புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உஜ்வலா சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் இருக்கு, ஆனா அது சமையலுக்குப் போட்ட கணக்கு. மலையில ஒரு குடும்பம் வெந்நீருக்கும் கணப்புக்கும் சேர்த்து எரிக்கிறது அந்தக் கணக்குல வராது. அதனாலதான் சிலிண்டர் மூலையில நிக்கும், விறகு எரியும். மானியம் யாருக்கு முதல்ல போகணும்னு என்னைக் கேட்டா, 78,000 ரூபாயை என் வாசகர்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, லைன் வீட்டுக் கூரைக்கு அடியில ஒரு சீலிங்கும் பொதுவுல ஒரு சோலார் வெந்நீர் டேங்கும் போடச் சொல்லுவேன்.

வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு

மொட்டை மாடி உங்களது இல்லை. பல ஊட்டி வீடுகள்ல ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய்னு வாங்கறாங்க. அப்போ உங்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, ஸ்லாபும் இல்லை. 8 ரூபாய்னா வெந்நீருக்கு மட்டுமே பில்லுக்கு 1,680 ரூபாய் போகுது. சோலார் வாட்டர் ஹீட்டர் உங்களுக்குத்தான் ஓனரைவிட லாபம். ஓனர்கிட்ட பேசிப் பாருங்க: பாதிச் செலவு நான் போடறேன், நீங்க மாசாமாசம் திருப்பிக் கொடுங்க, நான் காலி பண்ணினாலும் ஹீட்டர் உங்களுக்கே. ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

அதை வாடகையில கழிக்காதீங்க. பழைய வரி முறையில ஹெச்.ஆர்.ஏ. கழிவு எடுக்கிறவரா இருந்தா, முழு வாடகையையும் பேங்க் வழியா அனுப்பிட்டு, ஓனர் தர வேண்டியதைத் தனியா வாங்குங்க. ரசீதும் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப் போகணும். புது வரி முறையில ஹெச்.ஆர்.ஏ. கழிவே கிடையாது, அதனால எப்படிக் கழிச்சாலும் பிரச்சினையில்லை. சோலார் வாங்கினதுக்குத் தனிநபருக்கு வருமான வரிச் சலுகை ரெண்டு முறையிலயும் இல்லை, யாராவது இருக்குன்னு சொல்லி வித்தா செக்‌ஷன் நம்பர் கேளுங்க.

ஓனர் மாட்டேன்னுட்டாரா? பெட் வார்மர், கீசருக்கு டைமர், கதவுக்கு ரப்பர் பட்டி, கார்ப்பெட். எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குள்ள. கீசர் டைமர்ல ஒரு விஷயம்: 16 ஆம்பியர் தாங்கறதா பார்த்து, எலெக்ட்ரீஷியனை வெச்சு மாட்டுங்க. வீடு மாறும்போது ரப்பர் பட்டியைத் தவிர மத்ததெல்லாம் உங்க கூடவே பெட்டியில வந்துடும்.